மூக்கு அழகுச் சத்திரசிகிச்சை: ஊசியா, கத்தியா, அப்படியே விடுவதா? யாழ்ப்பாணத்திலிருந்து யோசிப்பவர்களுக்கு

"மூக்கை எங்கே செய்யலாம், கொழும்பிலா சென்னையிலா?" வாசகர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் எல்லோருக்கும் ஒரே காரணம் இல்லை. சம்பந்தம் பேச வந்த இடத்தில் "பிள்ளை நல்ல வடிவு, மூக்குத்தான் கொஞ்சம் சப்பை" என்று யாரோ சொன்னது ஒருவருக்கு மனதில் தங்கிவிட்டது. சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துபோன இன்னொருவர் இரவில் வாயால்தான் மூச்சு விடுகிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் மூன்று கிழமை விடுமுறைக்குள் செய்துகொண்டு திரும்பிவிடலாமா என்று பார்க்கிறார் வேறொருவர்.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எங்கே என்று கேட்பதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். எங்கே என்பதை முடிவுசெய்யும்போதும் விலையையும் விளம்பரப் படங்களையும் விட ஒரு விடயம் முக்கியம்: அடுத்த ஒரு வருடத்துக்கு அந்த மூக்கை யார் பார்க்கப்போகிறார்கள்? இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எது மாற வேண்டும்? "மூக்கு வடிவாக வேண்டும்" என்பது வைத்தியருக்கு எதையும் சொல்லாது. மூக்குத்தண்டு தட்டையா, தண்டில் மேடு இருக்கிறதா, நுனி தடிப்பா, துவாரங்கள் அகலமா, மூக்கே வளைந்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் செய்யும் வேலை வேறு. அதில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள் என்று யோசித்து எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் இன்னும் நேரம் வரவில்லை.

செல்ஃபியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 2018 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்: முகத்திலிருந்து 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடி தூரத்தில் எடுத்ததை விட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கைத்தொலைபேசியை வேறொருவரிடம் கொடுத்து, ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, நேராகவும் இரண்டு பக்கமும் எடுத்த படங்களைப் பாருங்கள். கேள்வி அதோடு முடிந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

மூச்சு எப்படி? அழகுக்காக வருபவர்களில் பலர் இதைச் சொல்வதே இல்லை. ஒரு பக்கம் எப்போதும் அடைத்திருக்கிறதா? தடிமன் இல்லாத நாளிலும் வாய் திறந்தபடிதான் தூங்குகிறீர்களா? கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்து மூச்சை இழுத்துப் பாருங்கள். அப்போது மட்டும் மூச்சு எளிதாகப் போனால் மூக்கின் உள்வாசல் ஒடுங்கியிருக்கலாம். வைத்தியரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வடிவத்துக்காகக் குருத்தெலும்பை அளவுக்கு மிஞ்சி வெட்டினால், நன்றாக இருந்த மூச்சும் கெட்டுப்போகும்.

தோல். நம்மில் பலருக்கு மூக்கு நுனித் தோல் தடிப்பு, எண்ணெய்ப்பசை அதிகம், உள்ளே இருக்கும் குருத்தெலும்பு மென்மை. மெல்லிய வேட்டிக்குக் கீழே வைத்த பொருளின் விளிம்பு தெரியும், சாக்குக்குக் கீழே தெரியாது. அதனால் தோல் மெலிந்த ஒருவரின் மூக்குப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டி "இப்படி வேண்டும்" என்றால், நேர்மையான வைத்தியர் முடியாது என்றுதான் சொல்வார். நமது மூக்குகளில் பெரும்பாலும் வெட்டிக் குறைப்பதை விட, குருத்தெலும்பை வைத்து நுனிக்குத் தாங்குதல் கொடுப்பதுதான் பலன் தரும். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

திருப்ப முடியுமா, முழுச் செலவு எவ்வளவு, இந்த மாற்றத்தைக் கேட்பது யார்? கடைசிக் கேள்வி அம்மாவுக்கும் மாமிக்கும் பிடிக்காது. ஆனால் மூக்கு உங்களுடையது. வேறொருவரின் சொல்லுக்காகச் செய்தால், மூக்கு மாறியபின் அதே வாய் வேறு குறை சொல்லும். நாள் முழுக்கக் கண்ணாடி பார்ப்பது, மூக்கை நினைத்து வெளியே போகாமல் இருப்பது என்ற நிலை என்றால் சத்திரசிகிச்சைக்கு முன்னால் மனநல வைத்தியரைப் பார்ப்பது நல்லது. அந்த வேதனை உண்மையானது. ஆனால் அது மூக்கைத் திருத்துவதால் பெரும்பாலும் குறைவதில்லை, சிலருக்குக் கூடவும் செய்கிறது.

## முதல் வழி: அப்படியே விடுவது

இதை ஒரு தெரிவாக யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும். செலவில்லை, ஆபத்தில்லை, பிறகு மனம் மாறினாலும் கதவு திறந்தே இருக்கும். கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள்தான் என்றால் இதுவே சரியான தெரிவு. மணப்பெண் அலங்காரம் செய்பவர்கள் மூக்குத்தண்டில் வெளிச்சமும் பக்கங்களில் நிழலும் வைத்துப் படத்தில் பெரிய மாற்றம் காட்டிவிடுவார்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மூக்கு வளர்ந்து முடிய வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 15, 16 வயதிலும், ஆண்பிள்ளைகளுக்கு அதற்குப் பின்னரும்தான் முடிகிறது. மனமும் அதற்குப் பிறகுதான் நிலைப்படும்.

## இரண்டாவது வழி: ஃபில்லர் ஊசி

ஹயலுரோனிக் அமிலம் என்ற கூழைத் தோலுக்கடியில் செலுத்தித் தண்டை உயர்த்துவார்கள். பதினைந்து நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம், ஒரு வருடம் அளவில் கரைந்துவிடும். பிடிக்காவிட்டால் ஹயலுரோனிடேஸ் என்ற மருந்தால் கரைக்கவும் முடியும். தட்டையான தண்டைச் சற்று உயர்த்தவும், சின்ன மேட்டை மறைக்கவும், சத்திரசிகிச்சைக்குப் பின் இருக்கும் சிறு குழியை நிரப்பவும் இது உதவும்.

மூக்கைச் சிறிதாக்க ஊசியால் முடியாது. அகலத் துவாரமும் தடித்த நுனியும் அப்படியேதான் இருக்கும். சிலருக்குத் தண்டு உயர்ந்தபின் மூக்கு முன்னரை விடப் பெரிதாகத் தெரியும்.

ஆபத்தைப் பற்றி விளம்பரங்களில் ஒரு வரிகூட இராது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். மூக்குத்தண்டின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. கூழ் தவறி ஒரு குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் அழுகலாம். மிக அரிதாக, ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போகலாம். முகத்தில் ஃபில்லர் போடும் இடங்களில் அதிக ஆபத்துள்ளவற்றில் மூக்கும் ஒன்று. விழித்திரைக்கு இரத்தம் நின்றால் கையில் இருக்கும் நேரம் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம்தான். ஆகவே ஊசி போடும் அறையிலேயே கரைக்கும் மருந்து இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த வைத்தியரும் இருக்க வேண்டும். "ஹயலுரோனிடேஸ் இங்கே இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஊசி போட்டபின் தோல் வெளிறினாலோ, வலைபோலக் கருநீலக் கோடுகள் தெரிந்தாலோ, கடும் வலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

அழகுக்கலை நிலையத்தில் இந்த ஊசியைப் போடவே கூடாது. "டொக்டர் கொழும்பிலிருந்து கிழமையில் ஒரு நாள் வருவார்" என்றால், அவர் போனபின் இரவு பத்து மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் எழுந்து வாருங்கள்.

மறைவான செலவு: திரும்பத் திரும்பப் போட வேண்டும். சில வருடங்களில் அந்தத் தொகை சத்திரசிகிச்சைச் செலவை எட்டிப்பிடிக்கலாம். பின்னர் சத்திரசிகிச்சைக்குப் போனால் முன்னர் ஊசி போட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். மூக்கை உயர்த்தத் தோலுக்கடியில் நூல் போடுவதும் சில இடங்களில் நடக்கிறது. நூல் தோலைத் துளைத்து வெளியே வருவதும் கிருமி பிடிப்பதும் உண்டு என்பதால் அதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

## மூன்றாவது வழி: மூச்சுக்கான சத்திரசிகிச்சை

மூக்கின் நடுச்சுவர் வளைந்து மூச்சு அடைபட்டால் அதை நிமிர்த்துவார்கள். வெளித்தோற்றம் அநேகமாக மாறாது. இது காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரின் வேலை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை, காத்திருப்புத்தான் விலை.

அழகுக்காகத் தனியாரிடம் போக முடிவுசெய்தவரும் முதலில் இந்தக் கிளினிக்குக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூச்சுப் பிரச்சினை இருக்கிறதா, அதற்குக் காரணம் வளைவா அல்லது ஒவ்வாமையால் வந்த வீக்கமா என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம். ஒவ்வாமை என்றால் மூக்குக்கு அடிக்கும் மருந்திலேயே நன்றாகக் குறையலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வடிவம் மாற்றும்போது வைக்க வேண்டிய குருத்தெலும்பைப் பெரும்பாலும் இதே நடுச்சுவரிலிருந்துதான் எடுப்பார்கள். முதலில் நடுச்சுவரைத் திருத்தும்போது அதை வெட்டி எடுத்துவிட்டால், பின்னர் காதிலிருந்தோ விலா எலும்புப் பக்கத்திலிருந்தோ எடுக்க வேண்டிவரும். ஆகவே பிற்பாடு வடிவமும் மாற்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஒரே தடவையில் செய்வதும் உண்டு. வளைந்த மூக்கும் அடைத்த மூச்சும் சேர்ந்தவர்களுக்கு அதுதான் நல்லது.

## நான்காவது வழி: வடிவம் மாற்றும் சத்திரசிகிச்சை

இரண்டு விதமாகச் செய்வார்கள். துவாரங்களுக்கு உள்ளேயே வெட்டிச் செய்வது ஒன்று. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே உள்ள தோலில் சின்ன வெட்டுப்போட்டு மூக்கைத் திறந்து செய்வது மற்றது. எது நவீனம் என்று பார்க்கத் தேவையில்லை. நுனியில் நிறைய வேலை இருந்தாலோ முன்னர் ஒருமுறை செய்ததைத் திருத்துவதானாலோ திறந்து செய்வது வசதி. அந்தத் தழும்பு பெரும்பாலானோருக்குக் கிட்டப் பார்த்தால்தான் தெரியும்.

தண்டை உயர்த்த உங்கள் உடம்பிலிருந்து எடுத்த குருத்தெலும்பா, சிலிக்கனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலிக்கன் விரைவு, செலவும் குறைவு. ஆனால் வருடங்கள் கழித்தும் கிருமி பிடிக்கலாம், தோலைத் துளைத்து வெளியே வரலாம். சொந்தக் குருத்தெலும்புக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. எனக்குத் தெரிந்தவர் கேட்டால் சொந்தக் குருத்தெலும்பைத்தான் சொல்வேன்.

நாட்கணக்கு இப்படிப் போகும். சிம்பு, அதாவது மூக்கை அசையாமல் பிடிக்கும் கட்டு, ஒரு கிழமை. கண்ணைச் சுற்றிக் கருநீலம் பத்துப் பதினான்கு நாள். வெளியாட்களுக்குத் தெரியாத அளவுக்கு வீக்கம் வடிய சில மாதங்கள். கடைசி வடிவம் ஒரு வருடத்தில், தோல் தடித்தவர்களுக்கு ஒன்றரை வருடம்வரை. நுனி பல மாதம் மரத்திருக்கும். மூன்றாம் மாதத்தில் அழுபவர்கள் நிறையப் பேர், அது வீக்கம் வடியாத மூக்கு.

இரண்டாம் முறை திருத்தம் தேவைப்படுவது நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கைதேர்ந்தவர்களிடமும் இது நடக்கும். அந்தத் திருத்தத்தைக் குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் செய்வார்கள், முதலாவதை விட அது கடினம். இதுதான் பெரிய மறைவான செலவு. "திருத்தம் இலவசம்" என்பார்கள். பல இடங்களில் வைத்தியரின் கட்டணம் மட்டும்தான் இலவசம். சத்திரசிகிச்சைக் கூடம், மயக்க மருந்து நிபுணர், வைத்தியசாலை அறை, பயணம் எல்லாம் உங்கள் கணக்கு. அழகுக்கான சிகிச்சைக்குக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது.

| வழி | எது மாறும் | எவ்வளவு காலம் | திருப்பலாமா | கணக்கில் விடுபடும் செலவு |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | எதுவும் இல்லை | – | தேவையில்லை | இல்லை |
| ஃபில்லர் | தண்டு உயரும், சிறு மேடு மறையும் | ஏறத்தாழ ஒரு வருடம் | கரைக்கலாம். இரத்தக் குழாய் அடைபட்டால் உத்தரவாதம் இல்லை | திரும்பத் திரும்பப் போடுவது |
| நடுச்சுவர் திருத்தம் | மூச்சு | நிரந்தரம் | முடியாது | காத்திருப்பு, விடுப்பு |
| வடிவச் சத்திரசிகிச்சை | தண்டு, நுனி, துவாரம், வளைவு | நிரந்தரம் | முடியாது, திருத்தலாம் | இரண்டாம் திருத்தம், பயணம், ஒரு வருடத் தொடர்பார்வை |

## எங்கே செய்வது

கொழும்பு. விசா வேண்டாம். மூன்றாம் மாதத்தில் ஒரு சந்தேகம் என்றால் இரவு பஸ் ஏறிக் காலையில் வைத்தியர் முன்னால் இருக்கலாம். முதல்தடவை செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வைத்தியரின் பெயரை இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பாருங்கள். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையிலோ காது மூக்கு தொண்டையிலோ விசேட நிபுணராகப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். "அழகியல் வைத்தியர்" என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. குறை மொழியில் வரலாம். மூக்கு விடயத்தில் "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அளவு இருக்கிறது. தமிழில் பேச முடியாத வைத்தியர் என்றால், ஆங்கிலமோ சிங்களமோ நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். வாசித்து விளங்காத சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சென்னை. பலாலியிலிருந்து விமானம் ஓடும் நாட்களில் கொழும்பை விடச் சென்னை நேரத்தில் கிட்ட. தமிழிலேயே எல்லாம் பேசலாம், மூக்குச் சத்திரசிகிச்சையையே முதன்மையாகச் செய்யும் நிபுணர்களும் அதிகம். ஒருமுறை செய்து பிழையாகிப்போன மூக்கைத் திருத்துவதற்கும், விலாக் குருத்தெலும்பு தேவைப்படும் சிக்கலான வேலைக்கும், அங்கே தங்க உறவினர் வீடு உள்ளவர்களுக்கும் சென்னை நல்ல தெரிவு. இந்தியா சிகிச்சைக்கென்று தனி விசா தருகிறது, துணைக்குப் போகிறவர்களுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் அங்கேயே விசாரிக்கலாம். சத்திரசிகிச்சை வைத்தியர் பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சையில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. முடித்தவரா, அல்லது காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். முடித்து மூக்குச் சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து செய்பவரா என்று பாருங்கள்.

செலவைக் கணக்கிடும்போது விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு நிற்க வேண்டாம். இருவருக்கான டிக்கெட், குறைந்தது பத்துநாள் தங்குமிடம், சாப்பாடு, பரிசோதனைகள், நாணய மாற்று, ஒரு வருடத்துக்குள் இன்னும் இரண்டு தடவை போய்வருவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டியபின் கொழும்போடு பெரிய வித்தியாசம் இல்லாமலும் போகலாம்.

தூர நாடுகள். இஸ்தான்புல், பாங்கொக் என்று விளம்பரங்கள் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் வாழ்பவருக்கு இதற்குக் காரணமே எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போக முடியாத இடத்தில் மூக்கைக் கொடுக்கக் கூடாது.

விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள். மூன்று கிழமைக்குள் சத்திரசிகிச்சையும் திருவிழாவும் என்பது நடக்காத காரியம். சிம்போடும் கருநீலக் கண்ணோடும் ஆவணி வெயிலில் தேருக்கு நிற்க முடியாது. அதைவிட முக்கியம், கனடாவிலோ பிரித்தானியாவிலோ திரும்பி இறங்கியபின், வேறொருவர் செய்த மூக்கைப் பொறுப்பேற்கும் வைத்தியரைத் தேடுவது கடினம். அழகுக்கான திருத்தத்துக்கு அங்கே பொதுச் சுகாதாரக் காப்பும் கிடைக்காது. நீங்கள் வாழும் நகரத்திலேயே பணம் சேர்த்துச் செய்யுங்கள்.

## திகதி வைப்பதற்கு முன்

தையில் கல்யாணம் என்றால் அதற்கு முந்திய தைக்குள் சத்திரசிகிச்சை முடிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த இடைவெளி வேண்டவே வேண்டாம்.

புகைப்பவர்கள் நான்கு கிழமை முன்னரே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தோல் சரியாக ஆறாது. அஸ்பிரின், ஐபுபுரூபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும் சேர்த்து, வைத்தியரிடம் சொல்லுங்கள். இருதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. மாரியில் காய்ச்சல் வந்தால் திகதியைத் தள்ளிவையுங்கள்.

பிறகு வரும் கிழமைகளில் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். மூக்குக்கண்ணாடி ஒரு மாதத்துக்கு மேல் தண்டில் அமரக் கூடாது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை: முகம் முழுதும் மூடும் தலைக்கவசத்தை மாட்டும்போதும் கழற்றும்போதும் மூக்கில் உரசும். சில கிழமைக்கு பஸ்ஸோ ஓட்டோவோ என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நமது வெயிலில் தழும்பு கறுக்கும், ஆகவே தொப்பியும் குடையும் வெயில் கிறீமும் பல மாதத்துக்கு வேண்டும்.

கொழும்பிலோ சென்னையிலோ செய்துவிட்டு மறுநாளே ஊருக்குப் புறப்பட வேண்டாம். முதல் இரண்டு நாளில் இரத்தம் கசியலாம், பொருக்கு விழும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் மறுபடியும் கசியலாம். சிம்பு கழற்றி வைத்தியர் பார்த்தபின் பயணம் செய்யுங்கள். என்ன செய்தார்கள், எங்கிருந்து குருத்தெலும்பு எடுத்தார்கள் என்ற சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி, யாழ்ப்பாணத்தில் நீங்கள் முன்னர் பார்த்த காது மூக்கு தொண்டை நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் நிற்காமல் ஓடினாலோ, இரண்டு பக்கமும் திடீரென்று அடைத்து வலி ஏறினாலோ, காய்ச்சலோடு மூக்கு சிவந்தாலோ 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து, அல்லது நேராக, போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மூக்குத்தி போடுபவர்கள் அதைச் சத்திரசிகிச்சைக்கு முன் கழற்ற வேண்டும். துவாரத்தின் அகலத்தைக் குறைத்தால் பழைய துளை இருந்த இடம் சற்று நகரலாம். மறுபடி குத்துவதற்குப் பல மாதம் பொறுக்க வேண்டியிருக்கும், எத்தனை மாதம் என்பதைச் செய்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும். தாலிகட்டு நாளில் மூக்குத்தி வேண்டும் என்றால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.